காய்ச்சல் நாளின் வருகைப்பதிவு

"வகுப்புப் பக்கமே வராம நம்ம எதிராஜுலு சார் சான்றிதழ் வாங்கப்போறாராம்!" என்று கோர்ட் கேன்டீனில் யாரோ சொல்லிச் சிரித்தது மரகதவல்லியின் காதில் விழுந்தது. புதிய சட்டங்கள் பற்றி வக்கீல்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பின் வருகைப்பதிவேடு அவளிடம்தான் இருந்தது. வக்கீல் சங்கத்தில் அவள் தற்காலிக எழுத்தர்.

மதியமே எதிராஜுலு வந்து நின்றார்.

"செவ்வாய்க்கிழமை காலை வகுப்புக்கு நான் வந்ததா எழுதும்மா. முப்பது வருஷ சீனியர் நான். சட்டமே என்கிட்ட வந்து படிக்கணும். எழுத மாட்டேன்னா, நாளைக்கு உனக்கு இங்கே வேலை இருக்காது."

"எழுதிடறேன் சார். ஒரே ஒரு சந்தேகம். அன்னிக்குக் காலையில நீங்க காய்ச்சல்ல படுத்திருக்கிறதாச் சொல்லித்தானே உங்க ஜூனியர் வாய்தா வாங்கினார்?"

"அதுக்கென்ன இப்போ?"

"வாய்தா கொடுத்த நீதிபதிதான் சார் சாயங்காலம் இந்தப் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடப்போறார். நீங்க படுக்கையில இருந்தீங்களா, வகுப்புல இருந்தீங்களான்னு கேட்டா நான் எதைச் சொல்லட்டும்?"

எதிராஜுலு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "விட்டுப்போனவங்களுக்கு மறுவகுப்பு எப்போ?"

"சனிக்கிழமை பத்து மணிக்கு சார்."

சனிக்கிழமை ஒன்பதரைக்கே அவர் நோட்டும் பேனாவுமாக வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார்.