பட்டுத்துணி போர்த்திய கணினி

மதிவதனி வேனிலிருந்து இறங்கி பள்ளிக்கூடத்தின் கணினி அறையை எட்டிப் பார்த்தாள். முகம் தொங்கிப்போயிற்று.

மலைமேல் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு அவளும் கல்லூரித் தோழிகளும்தான் பழைய கணினிகளைப் பழுது பார்த்துக் கொடுத்திருந்தார்கள். விடுமுறையெல்லாம் அதிலேயே போயிற்று. இப்போது அறை வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே ஒவ்வொரு கணினிக்கும் பட்டுத்துணி, சந்தனம், குங்குமம், உச்சியில் ஒரு செம்பருத்தி. பிள்ளைகள் சுவரோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"யாராவது தொட்டுப் பாத்தீங்களா?"

"ஐயையோ, இல்லக்கா! வெள்ளிக்கிழமை சூடம் மட்டும் காட்டுவோம்."

பங்கஜவல்லி டீச்சர் பெருமையும் பயமுமாக வந்தார். "ஒரு கீறல் இல்லம்மா. குடுத்தபடியே வெச்சிருக்கேன். ஒண்ணு ஒடஞ்சா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

மதிவதனி தன்னோடு வேனில் வந்திருந்த பேராசிரியை அருள்சீலியிடம் திரும்பினாள்.

"பாத்தீங்களா மேடம்? அடிவாரத்துப் பள்ளிக்கூடத்துல கேட்டுக்கிட்டே இருக்காங்க. எல்லாத்தையும் வேன்ல ஏத்திரலாம். இவங்க பயம் எந்தக் காலத்துல போகும்?"

அருள்சீலி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஒரு கணினி முன் கைகூப்பி நின்றார். பிறகு செம்பருத்தியை எடுத்துத் தன் தலையில் செருகிக்கொண்டு, பட்டுத்துணியை மடித்து வைத்தார். கணினிப் பெட்டியைத் தரையில் சாய்த்துப் பக்கத்தில் ஒரு திருப்புளியைப் போட்டார்.

"யாரு தெறக்கறீங்க?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் பவதாரணி என்ற ஒல்லிப் பெண் தவழ்ந்து வந்தாள்.

"டீச்சர் அடிப்பாங்களா?"

"உங்க டீச்சர் கழுத்தைப் பாரு, கொக்கு மாதிரி எட்டிப் பாக்கறாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டார்.

மூடி விலகியது. எல்லாத் தலைகளும் குனிந்தன. பச்சைப் பலகையில் பொன்னாகக் கோடுகள், எறும்புகளுக்கென்று போட்ட தெருக்கள் மாதிரி. பவதாரணி மதிவதனியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுக்கு ஞாபகம் எங்கக்கா இருக்கு?"

மதிவதனி ஒரு மெல்லிய பட்டையைக் காட்டினாள். பவதாரணி அதை உருவியே விட்டாள். தடுக்கப் பாய்ந்த மதிவதனியின் கை, அருள்சீலியின் பார்வை பட்டு அடங்கியது.

பவதாரணி பட்டையை உள்ளங்கையில் வைத்து ஏந்தினாள்.

"ஞாபகம் இவ்வளவு லேசாவா இருக்கும்?"

மதிவதனி அந்த உள்ளங்கையையே பார்த்தாள். எத்தனை பட்டைகளைக் கழற்றி மாட்டியிருக்கிறாள்! ஒருநாளும் அப்படி ஏந்திப் பார்த்ததில்லை.

பட்டை கை மாறிக் கை மாறிப் போயிற்று. டீச்சர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பிறகு பிள்ளைகளே எல்லாவற்றையும் மாட்டிச் சுவிட்சைப் போட்டார்கள். பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. திரை கறுப்பாகவே இருந்தது.

டீச்சர் நெஞ்சில் கை வைத்தார்.

"பட்டையைச் சரியா அமுக்கல நீ!"

"அமுக்கினேன்டி, நீதான் கோணலா வெச்சே!"

"மொதல்ல சுவிட்ச அணைங்கடி!"

யாரையும் கேட்காமலே மூடியை மறுபடி கழற்றத் தொடங்கிவிட்டார்கள்.

"கெடுத்துட்டாங்க மேடம்," மதிவதனி கிசுகிசுத்தாள். "நாம கொண்டுபோய்ச் சரி பண்ணிக் குடுத்துரலாமா?"

"நாம எதுக்கு?" என்றார் அருள்சீலி. "இவ்வளவு நாளும் அது நம்ம பெட்டி. இப்பத்தானே அவங்க பெட்டி ஆயிருக்கு."