மல்லிக்கு லாயம் பார்த்த கதை

புது ஊருக்குக் குடி போனால் நீங்கள் முதலில் எதைத் தேடுவீர்கள்? பால் ஊற்றுகிறவரையா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தையா, நல்ல தண்ணீர் வரும் குழாயையா? நொச்சிப்பாளையத்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் அரசம்புதூருக்குக் குடி போனபோது குதிரை லாயத்தைத் தேடினார்கள். தேடிக் கண்டுபிடித்தும் விட்டார்கள். அதற்குள் அரசம்புதூர்தான் கொஞ்சம் இளைத்துப் போனது.

மூத்தவர் நல்லப்பன். யோசனையெல்லாம் அவருடையது. நடுவில் பிறந்தவன் காத்தமுத்து. அந்த யோசனையால் வரும் வேலையெல்லாம் அவனுடையது. கடைக்குட்டி சடையப்பன். அண்ணன் எதைச் சொன்னாலும் "அதுதானுங்ணா!" என்பது அவன் பங்கு.

மூவருக்கும் சேர்த்து ஒரே சொத்து, மல்லி என்ற வெள்ளைக் குதிரை. கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சுமப்பாள், நோம்பி, திருவிழா நாளில் பிள்ளைகளைச் சுமப்பாள். குட்டியாக இருக்கும்போதே தாயை இழந்தவளுக்குப் பாட்டிலில் ரப்பர் மாட்டிப் பால் கொடுத்து வளர்த்தவன் காத்தமுத்து. அவள் தும்மினால் இவன் தன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். அப்படி ஒரு ஒட்டுதல்.

நொச்சிப்பாளையத்தில் கல்யாணம் ஆகவேண்டிய பையன்களுக்கெல்லாம் ஆகிவிட்டது. அடுத்த செட்டு இன்னும் அரை டவுசரில் திரிந்தது. அரசம்புதூரிலோ தெருவுக்குத் தெரு மண்டபம். அதனால்தான் குடி பெயர்ந்தார்கள்.

கிளம்புகிற அன்று மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா மூவரையும் நிறுத்திப் பொறுமையாகச் சொன்னார். "கண்ட இடத்துல குதிரையைக் கட்டிராதீங்க. லாயக்காரங்க ஆயிரம் சொல்லுவாங்க, நம்பாதீங்க. அங்க இருக்கற குதிரைகளைக் கேட்டாத் தெரியும். கூரை மழைக்கு ஒழுகுதான்னு பாருங்க. அப்புறம் யாராச்சும் ஒருத்தர் உள்ள போய், குதிரை நிக்கற இடத்துல ஒரு பொழுது நின்னு பாருங்க. காத்து வருதா, ஈ மொய்க்குதா, தொட்டி எட்டுதான்னு அப்பத்தான் தெரியும்."

நொச்சிப்பாளையத்து ஆட்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள்.

அரசம்புதூரில் வாடகைக்கு வீடு கொடுத்த பொன்னுரங்கம் குதிரையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "இது என் வாசல்ல நிக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒரு லாயம் பாருங்க. கிடைக்கலையா, அன்னிக்குச் சந்தைக்கு ஓட்டிட்டுப் போய் வித்துருங்க. ரெண்டும் ஆகலைன்னா உங்க சாமானெல்லாம் தெருவுல கிடக்கும்."

காத்தமுத்து ஓடிப்போய் மல்லியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். சந்தையில் விற்றால் யார் கைக்குப் போவாளோ, தும்மினால் யார் பார்ப்பார்களோ! ஆனால் அண்ணனுக்கு அதைவிட அவசரமான ஒரு கேள்வி இருந்தது.

"வாசல்ல நிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. இப்ப என்ன பண்றது?"

"படுக்க வெச்சுரலாமுங்ணா?" என்றான் சடையப்பன்.

"படுக்கறதுக்கு முன்னால நின்னுதானேடா ஆகோணும்?"

"அதுதானுங்ணா!"

எனவே மல்லியை வீட்டுக்குள் கூட்டிப்போய்க் கூடத்தில் நிறுத்தினார்கள். மறுநாள் காலையில் அந்த வழியாகப் போன பொன்னுரங்கம் வாசலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சொன்ன சொல் கேட்கிற ஆட்கள் என்று மெச்சிக்கொண்டார். ஜன்னலில் வெள்ளையாக ஏதோ ஆடியதைத் திரைச்சீலை என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.

முதலில் அவர்கள் போனது கடைவீதிக்குப் பின்னால் இருந்த லாயத்துக்கு. லாயக்காரர் வாய் ஓயாமல் பேசினார். வேளைக்குக் கொள்ளு, வெள்ளிதோறும் குளியல், அடி உதை என்ற பேச்சே கிடையாது என்றார். நல்லப்பன் எதையும் காதில் வாங்கவில்லை. நேராகப் போய் ஒரு செம்பட்டைக் குதிரையின் முன்னால் கை கட்டி நின்றார்.

"ஏனுங், சாப்பாடெல்லாம் நேரத்துக்கு வருதுங்களா?"

குதிரை பேசாமல் நின்றது.

"மொதலாளி பக்கத்துல நிக்கறாருங்ணா. அது எப்படி வாயைத் தொறக்கும்?" என்றான் காத்தமுத்து.

நியாயமான பேச்சு. லாயக்காரரைக் கொஞ்சம் தள்ளிப் போகச் சொன்னார்கள். அவரும் என்னமோ ஏதோ என்று தெருவுக்குப் போய் நின்றார். நல்லப்பன் குரலைத் தாழ்த்தினார். "இப்ப சொல்லுங். நாங்க வெளிய விடமாட்டோம். அடிக்கறாரா?"

குதிரையின் காதில் ஒரு ஈ உட்கார்ந்தது. அது தலையை ஆட்டியது.

"மெதுவாத்தான் ஆட்டுது, பாத்தியா? எவ்வளவு பயம் பாரு அதுக்கு!" என்றார் நல்லப்பன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தெருவில் நின்ற லாயக்காரரிடம் போய், "உங்களை நல்ல மனுசன்னு நெனச்சமுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்கள்.

அடுத்த லாயம் ரைஸ் மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓட்டுக் கூரை. அங்கே குதிரைகளைக் கேட்க முடியவில்லை, எல்லாம் சவாரிக்குப் போயிருந்தன. சரி, மழைக்கு ஒழுகுகிறதா என்று பார்க்கலாமென்றால் நல்ல பங்குனி வெயில்.

"மழை வர்ற வரைக்கும் உக்காந்திருக்கலாமுங்ளா?" என்று கேட்டான் சடையப்பன்.

"ஐப்பசிக்குத்தாண்டா வரும். ஞாயித்துக்கிழமை அதுக்கு முந்தியே வந்துருமே!"

ஆகவே ஏணி வைத்துக் கூரை மேல் ஏறினார்கள். காத்தமுத்து குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக் கொடுக்க, நல்லப்பன் ஊற்றினார். சடையப்பன் கீழே அண்ணாந்து நின்றான்.

"ஒழுகுதாடா?"

"தெரியலீங்ணா. ஒழுகுனா எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தானுங்களே சொல்ல முடியும்?"

நல்லப்பன் யோசித்தார். அதுவும் சரிதான் என்று பட்டது. ரெண்டு ஓடுகளைப் பிரித்து எடுத்துவிட்டு, அந்த ஓட்டை வழியாக ஒரு குடத்தைக் கவிழ்த்தார்.

"ஒழுகுதுங்ணா!" என்று நனைந்துபோய்க் கத்தினான் சடையப்பன்.

"பாத்தியா? நல்ல வேளை, குதிரையைக் கட்டறதுக்கு முன்னால கண்டுபிடிச்சோம்."

அந்த லாயக்காரர் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஏணியடிக்கு வந்ததால், மேற்கொண்டு எதையும் விசாரிக்க நேரமில்லை. பின்பக்கமாகக் குதித்து வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமையும் வந்தது. காத்தமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் தட்டில் மிச்சம் வைத்ததை, கூடத்தில் நின்ற மல்லி எட்டித் தின்றாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னிக்குக் கிடைக்கலீன்னா நானும் அவளோட சந்தைக்குப் போயிருவேனுங்ணா. ரெண்டு பேரையும் சேர்த்து வாங்கற ஆளாப் பாத்து வித்துருங்க," என்றான்.

ஊருக்கு வெளியே வாய்க்காலோரம் தெய்வானையம்மாள் லாயம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார்கள். தெய்வானையம்மாள் சவாரியும் சொல்லிக் கொடுப்பவர். இவர்கள் போன நேரம் பட்டுச்சேலை கட்டிச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் ஒன்றுக்கு, ஒரு சீருக்கு, கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எங்க மல்லிக்கு இடம் வேணுமுங்க. கல்யாணத்துக்குப் போற குதிரைங்க, சாது. ஒரு பொழுது கட்டிப் பாத்துட்டுச் சொல்றோமுங்க," என்றார் நல்லப்பன்.

"கடைசிக் கொட்டடி காலியாத்தான் இருக்குது. கட்டிப் பாருங்க. கொள்ளு மூட்டை அக்கட்டால, அந்த மூலைல இருக்குது. நான் சாயங்காலம் வந்துருவேன்," என்று சொல்லிவிட்டு அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

உள்ளே நின்று பார்க்க ஆள் யார்? சந்தேகமே இல்லை, காத்தமுத்துதான். கூடப் பிறந்தவனைவிட மல்லியை நன்றாகத் தெரிந்தவன் அவன். உள்ளே போய் நின்றான்.

"நின்னாப் போதுங்களா?" என்று இழுத்தான் சடையப்பன். "கட்டாம நின்னா அது குதிரை நின்ன மாதிரி ஆகுமுங்களா?"

கழுத்தில் கயிறு கட்டினார்கள். தொட்டி தாழ்வாக இருந்தது. வாய் எட்ட வேண்டுமென்றால் குனிந்துதான் நிற்க வேண்டும். குனிந்து நின்றான். சும்மா நின்றால் பாரம் தெரியாது என்று வீட்டிலிருந்து மல்லியின் சேணத்தையும் கொண்டுவந்து முதுகில் போட்டு இறுக்கினார்கள். மேலே ஒரு போர்வை.

"தண்ணி வேணும்னாக் கூப்பிடறனுங்ணா," என்றான் காத்தமுத்து.

"கூப்பிடுவியா? குதிரை கூப்பிடுமாடா? வாயைத் தொறந்தியோ, பாத்ததெல்லாம் வீணாப் போயிரும். அப்புறம் நாளைக்குச் சந்தைதான்."

காத்தமுத்து வாயை மூடிக்கொண்டான். பக்கத்திலேயே இருந்தால் அவனுக்குக் குதிரை என்ற நினைப்பு வராது என்று மற்ற இருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

காற்று நன்றாக வந்தது. வைக்கோல் புதுசு. ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தபோது கையைத் தூக்கப் போனவன், கையேது என்று நினைவு வந்து தலையை மட்டும் ஆட்டினான். பக்கத்துக் கொட்டடியில் நின்ற கிழட்டுக் குதிரை அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

வெயில் தாழ்கிற நேரத்தில் தனபாலு வந்தார். செல்போன் கடை வைத்திருப்பவர். வரும் வெள்ளிக்கிழமை அவருக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குதிரையில்தான் வரவேண்டும் என்று மாமனார் பிடிவாதம். தனபாலுவோ குதிரைப் படம் போட்ட காலண்டரைக்கூடத் திருப்பி மாட்டுகிற ஆள். சவாரி பழக வந்து மூன்று குதிரையைப் பார்த்து மூன்று முறை வீட்டுக்கு ஓடியவர். இன்றைக்கு விழுந்தால் உடைந்துவிடும் என்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, தெய்வானையம்மாளுக்குப் போன் போட்டார்.

"அம்மா, இன்னிக்கு எதுல ஏறட்டுமுங்க?"

"கடைசிக் கொட்டடில புதுசா ஒண்ணு கட்டியிருக்காங்க. கல்யாணத்துக்குப் பழகுன குதிரை. சாது."

தனபாலு கண்ணைச் சுருக்கிக் கொட்டடிக்குள் பார்த்தார். "ரொம்பக் குட்டையாத் தெரியுதுங்களே?"

"பயம் போயிருச்சுன்னா அப்படித்தான் தெரியும். கழுத்தைத் தட்டிக் குடுத்துட்டு ஏறுங்க."

தட்டிக் கொடுத்தார். கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். ஏறினார்.

காத்தமுத்துவுக்கு மூச்சு முட்டியது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பார்த்ததெல்லாம் வீண். நாளைக்கு ஞாயிறு. மல்லி கயிறும் கழுத்துமாகச் சந்தையில் நிற்பது கண்ணுக்குள் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். லாயத்துக்கு முன்னால் இருந்த சவாரிக் களத்தை ஒரு சுற்று சுற்றினான். தனபாலு "ஹை" என்றார். ஹை என்றால் குதிரை என்ன செய்யுமென்று காத்தமுத்துவுக்குத் தெரியாதா? ஓடினான்.

இறங்கும்போது தனபாலுவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. பையிலிருந்து ஒரு துண்டு வெல்லத்தை எடுத்து நீட்டினார். காத்தமுத்து கையில் வாங்காமல் வாயால் வாங்கிக்கொண்டான்.

பொழுது சாய்ந்ததும் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். "இப்பப் பேசலாம். எப்படிடா இருந்துச்சு?"

"காத்து ஜோருங்ணா. ஈ ஒண்ணே ஒண்ணுதான். தொட்டி எட்டுது. கொள்ளு மட்டும் கொஞ்சம் ஊற வெக்கோணும். சவாரிக்கு வர்றவங்க கனமா இருந்தாலும் மரியாதையான மனுசங்க. வெல்லமெல்லாம் குடுக்கறாங்க."

"மல்லிக்கு வெல்லம்னா உசுராச்சே!" என்று நல்லப்பன் பூரித்துப்போனார்.

அப்போதுதான் தெய்வானையம்மாள் சீர் முடிந்து வந்து சேர்ந்தார். சேணத்தோடு நிற்கிற காத்தமுத்துவைப் பார்த்தார்.

"குதிரை எங்க?"

"வீட்டுல இருக்குதுங்க. கூடத்துல."

"அப்ப தனபாலு எதுல சவாரி பண்ணுனாரு?"

காத்தமுத்து வெட்கத்தோடு கை தூக்கினான்.

தெய்வானையம்மாள் பட்டுச்சேலை என்றும் பாராமல் வைக்கோல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சேலையில் ஒட்டிய வைக்கோலைத் தட்டிக்கொண்டு எழுந்து சொன்னார். "இத பாருங்க. இடம் தர்றேன். ஆனா நாளைக்குக் காலைல நாலு கால் இருக்கறதாப் பாத்துக் கொண்டாந்து கட்டுங்க. ரெண்டு கால் இருக்கறதை இங்க கட்டுனீங்க, கெட்ட கோவம் வரும்."

வீட்டுக்கு வந்து மூவரும் தேடினார்கள். நாலு கால் இருப்பவை மூன்று இருந்தன. மல்லி, முக்காலிக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூல், வீட்டுக்காரருடைய கயிற்றுக் கட்டில்.

"எதைச் சொன்னாங்கன்னு தெரியலியே," என்றார் நல்லப்பன்.

"முக்காலி?" என்றான் சடையப்பன்.

"அதுக்கு மூணுதாண்டா. சொன்ன பேச்சுக் கேளு."

ஞாயிற்றுக்கிழமை காலை, மல்லியின் முதுகில் கட்டிலையும் கட்டில் மேல் ஸ்டூலையும் வைத்துக் கட்டி ஓட்டிக்கொண்டு போனார்கள். தன் கட்டில் குதிரை மேல் போவதைப் பார்த்த பொன்னுரங்கம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார். லாயத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது தெய்வானையம்மாள் மூன்றையும் சுற்றிவந்து பார்த்துவிட்டு, மல்லியின் நெற்றியைத் தடவி, "இது போதும்," என்று கயிற்றைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். சந்தை கூடுவதற்கு முன்பே குதிரைக்கு லாயம் கிடைத்துவிட்டதால் பொன்னுரங்கம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. கட்டிலைத் தலையில் தூக்கிக்கொண்டு திரும்பினார்.

காத்தமுத்து ரொம்ப நேரம் கொட்டடி வாசலிலேயே நின்றான். மல்லி புது வைக்கோலை முகர்ந்தாள். தொட்டி எட்டியது. ஒரு ஈ வந்தது, வாலால் விரட்டினாள். அவன் மனசு அப்போதுதான் ஒரு இடத்தில் உட்கார்ந்தது.

சாயங்காலம் தனபாலு வந்தார். இந்த முறை மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். வாய் நிறையச் சிரிப்போடு, வெல்லப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நேராகக் கடைசிக் கொட்டடிக்கு வந்தவர், ஆளுயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நின்ற மல்லியைப் பார்த்ததும் அப்படியே பின்வாங்கினார். மல்லி லேசாகக் கனைத்தாள். பொட்டலம் கீழே விழுந்தது.

பக்கத்தில் மல்லிக்கு உடம்பு தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த காத்தமுத்துவை ஓரமாகக் கூப்பிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகுதுங்ணா. வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம். இந்தப் பெருசெல்லாம் வேண்டாங்க. நேத்து இருந்துச்சே ஒண்ணு, குட்டையா, சாதுவா... அதையே மண்டபத்துக்கு அனுப்பி வைங்களேன்!"