முந்நூறு கவரும் ஒரு கார்டும்

"நூத்தியம்பது லெட்டர் போட்டேன் தாயி. ஒரு மனுஷன் ஒரு போன் பண்ணலை. நான் என்ன தப்பு செஞ்சேன், சொல்லு."

கேட்டவர் வேலாயுதப்பெருமாள். பாளையங்கோட்டையில் வீட்டு புரோக்கர். வயது ஐம்பத்திரண்டு.

கேட்கப்பட்டவள் ஜெபக்கனி. ஆரோக்கியம் நகர் நாலு தெருவுக்கும் மார்க்கெட் ரோட்டுக்கும் தபால்காரி. வயது முப்பத்து மூன்று.

குரு என்றால் தாடி இருக்க வேண்டும், சீடன் என்றால் சின்னப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? நமக்குத் தெரியாதது எதிரே நிற்கிறவருக்குத் தெரிந்தால் அவர்தான் குரு. காக்கிச் சேலை கட்டியிருந்தாலும் குருதான்.

ஆடி பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. ஆடியில் யாரும் வீடு வாங்க மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கையில் ஒரு வீடாவது இருந்தால்தான் புரோக்கருக்குப் பிழைப்பு. வேலாயுதப்பெருமாள் கையில் ஒன்றும் இல்லை. போன வருஷமும் இதே கதைதான்.

இந்தத் தடவை அவர் மனைவி சிவகாமி கறாராகச் சொல்லிவிட்டாள். ஆடி முடிவதற்குள் ஒரு வீடு வரவில்லை என்றால் புரோக்கர் போர்டைக் கழற்ற வேண்டியது. கோயம்புத்தூருக்குப் போய் அவள் தம்பி பேக்கரியில் உட்கார வேண்டியது.

மச்சான் கடையில் உட்கார்ந்து பஃப்ஸ் எடுத்துக் கொடுக்க வேலாயுதப்பெருமாளுக்கு மனசு ஒப்பவில்லை. இந்த ஊரை விட்டால் அவருக்கு வேறு ஊர் தெரியாது.

ஜெபக்கனி பையிலிருந்து அவர் கவர் ஒன்றை எடுத்தாள். அன்றைக்குப் பட்டுவாடா ஆகாமல் திரும்பியது.

"இதை யாருக்குப் போட்டிருக்கீங்க அண்ணாச்சி?"

"அதான் போட்டிருக்கே. 'வீட்டு உரிமையாளர் அவர்கள்.'"

"அந்தப் பேருல என் லைன்ல ஒருத்தரும் கிடையாதே."

கவரை அவர் கையில் வைத்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

*

வேலாயுதப்பெருமாள் மண்டை இல்லாத ஆள் இல்லை. புரிந்துகொண்டார்.

வாக்காளர் பட்டியலைத் தேடிப் பிடித்தார். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து நூற்றைம்பது பேருக்கும் தனித்தனியாகப் பேர் அடித்து ஒட்டினார். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் இல்லத்தை நல்ல விலைக்கு விற்க விருப்பமா? உடனே அழைக்கவும்.' கீழே போன் நம்பர், கொட்டை எழுத்தில்.

பத்து நாள் போனது. போன் அடித்தது. எடுத்தால் மச்சான். "அத்தான், எப்ப வாரீங்க?"

மறுநாள் காலையில் தபாலாபீஸ் வாசலில் போய் நின்றார்.

"பேரும் போட்டாச்சு தாயி. இப்ப என்ன குறை?"

"இருபத்தி மூணாம் நம்பர் வீட்டுக்கு யார் பேரைப் போட்டிருந்தீங்க?"

"நூத்தியம்பது பேரை நான் ஞாபகம் வச்சிருக்க முடியுமா?"

"பொன்னையா. அவரு செத்து மூணு வருஷமாச்சு."

வேலாயுதப்பெருமாளுக்கு முகம் செத்துப்போனது.

"அந்தம்மா கேட்டுல நின்னு கவரை வாங்குனா. அவர் பேரைத் தடவிப் பார்த்தா. 'இவருக்கு லெட்டர் வந்து எவ்வளவு நாளாச்சு'ன்னா. பிரிக்கவே இல்லை. அப்படியே கொண்டு போயி அவர் படத்துக்குப் பின்னால வச்சுட்டா."

"ஐயோ, பாவம் பண்ணிட்டேனே!"

"தெரியாமத்தானே செஞ்சீங்க."

அவர் அவள் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"நீ தினம் நூறு வீட்டுல லெட்டர் குடுக்கே. எந்த லெட்டரை ஜனங்க பிரிப்பாங்கன்னு உனக்குத் தெரியாம இருக்காது. எனக்கு அதைச் சொல்லிக் குடு."

ஜெபக்கனி சிரித்தாள்.

"நான் கொண்டு போற லெட்டர் ரெண்டே வகைதான் அண்ணாச்சி. ஒண்ணு வாங்க வருது. இன்னொண்ணு குடுக்க வருது. கையில வாங்கும்போதே ஆளுங்களுக்குத் தெரிஞ்சுரும். உங்களுது எது?"

"குடுக்கத்தான். நல்ல விலை குடுக்கேன்னு எழுதியிருக்கேனே!"

"விலையை நீங்களா குடுக்கீங்க? வீடு வாங்குறவன்ல குடுக்கான்."

 

ஜெபக்கனி உள்ளே போய் ஒரு போஸ்ட் கார்டு வாங்கி வந்தாள். தன் காசில்தான் வாங்கினாள்.

"ஒரே ஒரு கார்டு. ஒரே ஒரு வீடு. 'விற்க'ன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. கேள்விக்குறி வரக் கூடாது. போன் நம்பரும் வரக் கூடாது."

"அப்புறம் அதுல என்ன எழவைத்தான் எழுத?"

"எனக்கென்ன தெரியும்? நான் கொண்டு குடுக்கிறவ."

சைக்கிள் மணி அடித்தது. குரு தெருமுனை தாண்டிப் போய்விட்டாள்.

*

ஐந்து நாள் அந்தக் கார்டு அவர் சட்டைப் பையில் கிடந்தது. வெறும் கார்டு.

'தங்கள் வீடு மிக அழகு' என்று எழுதலாமா? எந்த வீட்டை அவர் அழகு என்று நின்று பார்த்தார்? 'தங்கள் குடும்பம் வாழ்க' என்று எழுதலாமா? எலெக்ஷனுக்கு நிற்கிறவன் எழுதுகிறது அது.

எதைத் தொட்டாலும் கடைசியில் ஏதோ ஒன்றைக் கேட்பதிலேயே போய் முடிந்தது. பதினெட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டே கை பழகிவிட்டது.

ஆறாம் நாள் மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. வேலாயுதப்பெருமாள் ஆரோக்கியம் நகர் ரெண்டாவது தெருவில் நடந்தார். பாதித் தெருவில், வழக்கம்போல, ஒரு மேற்குப் பார்த்த வீட்டு முன்னால் நின்றார். ஆறரை சென்ட், முப்பதடி ரோடு, மாடி எடுத்த வீடு. காம்பவுண்டுச் சுவரில் தெருவைப் பார்த்து ஒரு குழாய். பக்கத்து ஆணியில் ஒரு சில்வர் டம்ளர்.

ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். இன்னொரு டம்ளர் பிடித்துக் குடித்தார். உயிர் வந்தது.

டம்ளரை மாட்டும்போதுதான் அதைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. ரோட்டோரம் தொங்குகிற டம்ளர் தூசி படிந்து, பாசி பிடித்துத்தானே கிடக்க வேண்டும்? ஒரு நாளும் அப்படிக் கிடந்ததில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு நாளும் இல்லை. அப்படியானால் யாரோ தினம் கழுவுகிறார்கள்.

தலையைத் தூக்கி கேட்டைப் பார்த்தார். பெயர்ப்பலகை இருந்தது.

'எஸ். பொன்னையா, மின்வாரியம் (ஓய்வு). கதவு எண் 23.'

வேலாயுதப்பெருமாள் பலகையை இன்னொரு தடவை வாசித்தார்.

இந்த வீட்டின் அளவு தெரியும். திசை தெரியும். சந்தை விலை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தண்ணீர் கொடுத்த மனுஷன் பேர் தெரியாது. செத்தது தெரியாது.

அப்படியே தபாலாபீசுக்கு நடந்தார். மேஜையில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தார். நின்றபடியே எழுதினார்.

'அம்மா, உங்கள் வீட்டுச் சுவர்க் குழாயில் பதினெட்டு வருஷமாகத் தண்ணீர் குடிக்கிறேன். வெயிலில் அலைகிற தொழில் எனக்கு. ஒரு நாளும் அந்த டம்ளர் அழுக்காக இருந்ததில்லை. ஒரு நாளும் நான் நன்றி சொன்னதில்லை. இரண்டு வாரத்துக்கு முன் ஐயா பேருக்கு ஒரு கடிதம் போட்டேன். அவர் இல்லை என்று தெரியாமல் போட்டது. மன்னிக்க வேண்டும். நல்ல தண்ணீர் அம்மா. ரொம்ப நன்றி. இப்படிக்கு, வேலாயுதப்பெருமாள், புரோக்கர், மார்க்கெட் ரோடு.'

ஜெபக்கனி வாங்கிப் படித்தாள். கார்டுதானே, யாரும் படிக்கலாம்.  கட்டோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இதைக் கையிலயே குடுக்கேன் அண்ணாச்சி."

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அவரே சிவகாமியிடம் சொன்னார்.

"பரண்ல இருக்கிற பெட்டியை இறக்கிரு. கோயம்புத்தூர் போவோம்."

"லெட்டருக்குப் பதில் வரலையா?"

"இந்த லெட்டருக்குப் பதில் வேண்டாம்."

சொல்லிவிட்டு ரெண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். வீடு ஒன்றும் கைக்கு வரவில்லைதான். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

*

ஆடி கடைசி நாள். ஸ்டூல் போட்டு ஏறி போர்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று ஸ்குரூ கழன்றுவிட்டது. நாலாவது துருப்பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர் குடையோடு இறங்கினார். கையில் அந்தக் கார்டு.

"வேலாயுதப்பெருமாள்ங்கிறது?"

"நான்தான்மா."

"தண்ணி குடிக்கிற ஆளா?"

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது.

"பொன்னையா வீட்டுக்காரிங்க நான். மரகதவடிவு." உட்கார்ந்தார். கார்டை மடியில் வைத்துக்கொண்டார். "அந்தக் குழாயை அவருதான் வச்சாரு. கம்பத்துல ஏறி இறங்குன ஆளு, அவருக்குத் தாகம் தெரியும். அவரு போனப்புறம் தினம் காலையில டம்ளரைக் கழுவி மாட்டுதேன். யாரு குடிக்கா, எவரு குடிக்கான்னு நின்னு பார்த்ததில்லை. யாராவது குடிக்காங்களான்னே தெரியாது."

மரகதவடிவு மடியில் இருந்த கார்டைத் தடவிக்கொடுத்தார்.

"உங்க கார்டு வந்ததும் அவர் படத்துக்கு முன்னால வாசிச்சுக் காட்டினேன். 'பாத்தீங்களா, பதினெட்டு வருஷமா ஒருத்தர் குடிச்சிருக்காரு'ன்னு சொன்னேன். அழுதுட்டேன். நல்ல அழுகைதான்."

வேலாயுதப்பெருமாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைக்கவில்லை.

"மகன் பெங்களூர்ல இருக்கான். 'வீட்டை வித்துட்டு வா'ன்னு சொல்லுதான். எனக்கும் இப்பல்லாம் மாடிப்படி ஏற முடியலை. அஞ்சு புரோக்கர் வந்தாங்க. அஞ்சு பேரும் உள்ள வந்ததும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? 'அம்மா, அந்தக் குழாயை எடுத்துருங்க. வாசல் நசநசன்னு கிடக்கு, விலை குறைஞ்சுரும்.'"

வேலாயுதப்பெருமாள் தயங்கினார். பொய் சொல்ல மனசு வரவில்லை.

"போன மாசம் கூப்பிட்டிருந்தீங்கன்னா நானும் அதைத்தான்மா சொல்லியிருப்பேன்."

"தெரியும். உங்க பழைய லெட்டரையும் நேத்துப் பிரிச்சுப் பார்த்தேன்."

மரகதவடிவு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"வாங்குறவங்க குழாயை எடுக்கக் கூடாது. அதைப் பத்திரத்துல எழுதினாலும் நிக்காதுன்னு வக்கீல் சொல்லிட்டாரு. ஆளைப் பார்த்துத்தான் குடுக்கணும். அந்த ஆளை நீங்கதான் பார்க்கணும்."

"நானா? ஏம்மா?"

"குழாய் போச்சுன்னா நஷ்டம் உங்களுக்குத்தானே?"

வேலாயுதப்பெருமாள் கும்பிட்டார்.  உள்ளே போனார். ஆபீஸ் டம்ளரை எடுத்தார். மூக்கருகே கொண்டு போய்ப் பார்த்துவிட்டு, பின்பக்கம் போய்த் தேய்த்துக் கழுவினார். இன்னொரு தடவை கழுவினார். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து ரெண்டு கையாலும் நீட்டினார்.

"தண்ணி குடிங்கம்மா."

அவர் குடித்தார்.

*

ஆவணி முதல் நாள். தபாலாபீசுக்குள்ளே, அந்த மேஜை அருகே. ஜெபக்கனி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. மரகதவடிவு கேட்டிலேயே நிறுத்தி எல்லாம் சொல்லிவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, போர்டை மறுபடியும் மாட்டியாச்சா?"

"மாட்டியாச்சு." கையில் இருந்த புதுக் கார்டைக் காட்டினார். "இன்னொண்ணு எழுதப் போறேன் தாயி. அட்ரஸ் ஒண்ணு வேணும்."

"என் லைன்ல நானூத்திப் பத்து வீடு. எல்லாம் மனப்பாடம். கேளுங்க. எந்தத் தெரு?"

"அதுதான் தெரியலை."

"நம்பர்?"

"அதுவும் தெரியலை. பதினோரு வருஷமா என் வாசலுக்கு லெட்டர் கொண்டு வாரே. ஒரு நாளும் கேட்டதில்லை."

நூல் கட்டிய பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உன் அட்ரஸைச் சொல்லு."