இன்னாசி ஏறிய கப்பல் அலை

சிப்பிமுனைக்காரர்களை முட்டாள்கள் என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது பொறாமை. அவர்கள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அவ்வளவுதான்.

போன வருஷத் திருவிழாவில் சப்பரத்தைத் தூக்கும் முன்கொம்பைத் தோளில் சுமந்து வந்த இன்னாசி, நடுத்தெருவில் வழுக்கி விழுந்தான். சப்பரம் பரோட்டாக் கடைக்குள் பாதி நுழைந்து நின்றது. முன்கொம்பு அவன் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்கு உரியது. இந்த வருஷம் அதைத் தர மாட்டேன் என்று ஊர்த்தலைவர் சூசை சொல்லிவிட்டார்.

"தண்ணி மேல வழுக்காம நின்னு காட்டுலே. அப்புறம் முன்கொம்பைப் பத்திப் பேசலாம்" என்றார் கோபத்தில்.

வேறு ஊராக இருந்தால் இதைத் திட்டு என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். இன்னாசி ஓர் அலைச்சறுக்குப் பலகை வாங்கிவிட்டான்.

சறுக்குப் பயிற்சி கொடுக்கும் வாத்தியார் ஒருவர் போனில் கிடைத்தார். "முதல்ல கரையில பலகை மேல படுத்துப் பழகுங்க" என்றார். இன்னாசி படுத்தான். மத்தியானம் வரை குறட்டை விட்டுப் பழகினான். கூட்டாளிகள் கஸ்பாரும் சந்தியாகும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு தடவைகூட விழலையே, மாப்ள" என்றான் கஸ்பார்.

"பிறவித் திறமை" என்றான் சந்தியாகு.

"கயித்தோட ஒரு நுனி பலகையில, இன்னொண்ணு உங்க கால்ல. அலையில ஏறி முடிக்கிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது" என்பது வாத்தியாரின் அடுத்த பாடம். அன்றிலிருந்து இன்னாசி டீக்கடைக்குப் போனால் பலகையும் பின்னால் இழுபட்டுப் போனது. முடி வெட்டப் போனபோது பலகைக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

ஒரு சின்னச் சிக்கல். சிப்பிமுனைக் கடலில் அலையே கிடையாது. குளம் மாதிரிக் கிடக்கும். அதையும் வாத்தியாரிடம் கேட்டார்கள். "பக்கத்துல துறைமுகம் இருக்குல்ல? கப்பல் போனதுக்கப்புறம் கரைக்கு அலை வரும். பொறுமையா இருங்க" என்றார் அவர்.

திருவிழா அன்று காலையில் பெரிய கப்பல் ஒன்று வந்தது. மூவரும் வள்ளத்தில் ஏறிக் காத்திருந்தார்கள். கப்பல் அவர்களைக் கடந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது.

"போகலியே, நிக்குதுல்லா" என்றான் கஸ்பார் கவலையோடு. "போனாத்தானே அலை?"

"அப்ப போகச் சொல்லுவோம்" என்றான் சந்தியாகு.

கப்பலை நோக்கித் துடுப்புப் போட்டார்கள். பாதி வழியில் எங்கிருந்தோ அழகான நீண்ட அலை ஒன்று உருண்டு வந்து, வள்ளத்தை ஆள் உயரத்துக்குத் தூக்கி இறக்கிவிட்டுக் கரைக்குப் போனது.

"இது யாரு அலைலே?" என்றான் இன்னாசி.

"கப்பல்தான் இன்னும் போகலியே. அதனால இது கப்பல் அலையா இருக்காது" என்றான் கஸ்பார். "வேற யாருக்கோ வந்தது. நமக்கு எதுக்கு?"

நாணயமானவர்கள். அடுத்தவர் அலையைத் தொடவில்லை.

கப்பலை நெருங்கியதும் மேலே நின்ற மாலுமியிடம், "அண்ணே, எப்பப் போவீங்க?" என்று கேட்டார்கள்.

"உள்ள இடம் கிடைச்சதும்" என்றார் அவர்.

அதுவரை பலகை எங்கும் மிதந்து போய்விடக் கூடாது அல்லவா? நங்கூரச் சங்கிலியில் இறுக்கிக் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே இடம் கிடைத்து, சங்கிலி மேலே ஏறியது. அதோடு பலகை ஏறியது. பலகையோடு கால் ஏறியது. கால் போனால் இன்னாசி மட்டும் வள்ளத்தில் இருந்து என்ன செய்வான்?

"தலைகீழாத் தொங்கும்போதும் கயித்தை அவிழ்க்கலை பாத்தியா?" என்றான் சந்தியாகு பெருமையாக.

மாலுமிகள் சங்கிலியை நிறுத்தி, அவனையும் பலகையையும் மேல்தளத்துக்கு இழுத்துப் போட்டார்கள். கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு, "துறைமுகம் போற வரைக்கும் இந்தப் பலகையை விட்டு இறங்கக் கூடாது" என்றார். இன்னாசி இறங்கவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, முழங்காலை மடக்கி, பலகை மேல் நின்றபடியே துறைமுகம் போய்ச் சேர்ந்தான்.

கரையில் ஊரே கூடி நின்று பார்த்தது.

"தண்ணிக்கு இம்புட்டு மேல நிக்கான். சட்டைகூட நனையலை" என்று சூசையே வியந்தார்.

சாயங்காலம் கோயில் வாசலில் திருவிழாக் கமிட்டி கூடிப் பேசியது. சூசை தீர்ப்புச் சொன்னார்: "பலகை மேல நின்னா இவன் வழுக்க மாட்டான். தரையில நின்னா வழுக்குவான், அதைப் போன வருஷமே பாத்தாச்சு. முன்கொம்பு இவனுக்குத்தான். ஆனா பலகை மேல நின்னுதான் தூக்கணும்."

இன்னாசி கண்கலங்கிப் பலகையில் ஏறி, முன்கொம்புக்குத் தோள் கொடுத்தான். வழுக்காமல் இருக்க இப்படி ஒரு வழி இருக்கும்போது மற்றவர்கள் மட்டும் ஏன் தரையில் நிற்க வேண்டும்? ஒருவர் கதவைக் கழற்றி வந்தார். ஒருவர் பெஞ்சுப் பலகை. கஸ்பார் கேரம் போர்டு. எல்லோரும் ஏறி நின்று சப்பரத்தைத் தூக்கினார்கள். யாரும் வழுக்கவில்லை. சப்பரம் நகரவும் இல்லை.

"என்னலே, போக மாட்டேங்குது?" என்றார் சூசை.

"அலை வந்தாத்தானே போகும்?" என்றான் இன்னாசி. "கப்பல் போகட்டும். பொறுமையா இருங்க."

சிப்பிமுனைப் பக்கம் போகிறவர்கள் கோயில் தெருவில் சப்பரம் நிற்பதால் சுற்றித்தான் போக வேண்டும். கப்பலில் இன்னும் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறார்களாம்.