படத்தில் இல்லாத மன்னர்

கொன்றைமங்கலத்து அரசன் வீரசெண்பகனுக்கு எதைப் பார்த்தாலும் புதுப்பித்துவிட வேண்டும். அந்த வருடம் அவன் கண் யானைத் திடலின் மேல் விழுந்தது. சனியன் பிடிக்க வேறு இடமா கிடைக்கவில்லை!

அவன் பாட்டன் காலத்தில் போர் யானைகளைக் கட்டிய திடல் அது. போர் ஓய்ந்தது, யானைகள் போயின. மோரும் பூவும் வெள்ளரியும் வந்து உட்கார்ந்துகொண்டன. ஊர்வம்பு முழுக்க அங்கேதான் பிறக்கும்.

அமைச்சர் நாகலிங்கனார் ஓர் ஓவியனைப் பிடித்து, புதுத் திடலைப் படமாக வரையச் சொல்லிக் கொண்டுவந்தார். வழவழவென்று கல்தளம், நடுவில் நீரூற்று, சுற்றிலும் தாமரைத் தூண்கள். அரசன் சொக்கிப்போனான்.

"அப்படியே கட்டுங்கள்! படத்தில் இல்லாத ஒரு துரும்புகூடத் திடலில் இருக்கக்கூடாது. கொழுந்தப்பா, காவல் உன் பொறுப்பு."

கொழுந்தப்பன் அரசவை விகடகவி. வாய் சும்மா இருக்காதவன், அன்று மட்டும் "உத்தரவு" என்று முடித்துக்கொண்டான்.

வெளியே மோர்க்காரி ஆவுடைச்சி அவனை மறித்தாள். "கெளம்பச் சொல்லுதாவளே சாமி! பிள்ளைகள வச்சிக்கிட்டு இந்தப் பானையோட நான் எங்க போவேன்? ராசாகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா ஏறாது ஆத்தா, பட்டாத்தான் ஏறும். திறப்பு விழா வரைக்கும் பொறுத்துக்கோ."

விழா நாள். உச்சி வெயில். மேளதாளத்தோடு பல்லக்கிலிருந்து இறங்கிய அரசன் திடலில் கால் வைக்கப்போனான். காவலர்கள் குறுக்கே ஈட்டியை நீட்டினார்கள்.

"யாரைத் தடுக்கிறீர்கள்? நான் அரசன்!"

கொழுந்தப்பன் படத்தை விரித்து, மூக்கு உரசப் பார்த்தான். "காலையிலிருந்து தேடுகிறேன் அரசே. தூண் இருக்கிறது, நீரூற்று இருக்கிறது. தங்களைத்தான் காணோம்."

அமைச்சர் பல்லைக் கடித்தார். "மடையா! அதில் ஆட்களையே வரையவில்லை!"

"அதனால்தானே அமைச்சரே மோர்க்காரியை விரட்டினோம். அவளுக்கு ஒரு நீதி, அரசருக்கு ஒரு நீதியா?"

அரசனுக்குக் கோபம் தலைக்கேறியது. திடலைப் பார்த்தான். பளபளவென்று கிடந்தது. கும்பிட ஒரு கை இல்லை, கரைய ஒரு காக்கை இல்லை. கோபம் வந்த வழியே திரும்பிப்போய், சிரிப்பு பீறிட்டது.

"ஓவியனே, தூரிகையை எடு! முதலில் மோர்க்காரியை வரை. பூக்காரி, வெள்ளரிக்காரன், வம்பளக்கிறவன், ஒருவரையும் விடாதே. அப்புறம் ஓரமாக என்னையும் போடு!"

முத்துமாலையைக் கழற்றிக் கொழுந்தப்பன் கழுத்தில் போட்டான். திடலுக்கு வெளியே கூட்டத்தில் நின்ற ஆவுடைச்சி, கண்ணைத் துடைத்துக்கொண்டு பானையோடு திடலுக்குள் ஓடினாள்.

ஓவியன் தயங்கினான். "அமைச்சரை எங்கே வரைவது?"

கொழுந்தப்பன் முந்திக்கொண்டான். "முதலில் எல்லாரும் உட்காரட்டும். இடம் மிச்சமிருந்தால் பார்க்கலாம்."