வெளித் தாழ்ப்பாள்

“இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு, தாயே. மூணு வருஷமா என் சம்சாரம் வாய் திறக்கலை” என்றார் மருதையன்.

அவர் கயிறு வியாபாரி. பவழத்துறையில் பிறந்து ஐம்பது வயதுவரை அங்கேயே இருந்தவர். துறைமுகத்தை மணல் மூடியதும் கப்பல்கள் வருவது நின்றுபோனது. மனைவி சீதேவியை அழைத்துக்கொண்டு, நாலு நாள் வழி நடந்து, இந்தக் கருங்கோட்டைக்குக் குடிவந்தார்.

சீதேவி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. எதையும் பார்க்கவில்லை.

துறவி சாந்தமதிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. கோட்டைச் சுவரை ஒட்டிய பழைய குதிரை லாயத்தில்தான் அவள் இருப்பு.

“வைத்தியர் என்ன சொன்னார்?”

“உடம்புல ஒரு குறையும் இல்லைன்னார். குறை இந்த ஊர்லதான். எங்க ஊர்த் தண்ணி இளநீர் மாதிரி இருக்கும். இங்கே சுண்ணாம்பு. அங்கே காத்து எந்நேரமும் வீசும். இங்கே புழுங்குது. அங்கே ஒரு சாவு விழுந்தா தெருவே திரண்டு வரும். இங்கே…”

“இதையெல்லாம் யார்கிட்ட சொல்வீங்க?”

“இவகிட்டதான். விடிஞ்சா ஆரம்பிப்பேன், படுக்கிறவரைக்கும். வேற யார் இருக்கா எனக்கு?”

சாந்தமதி சீதேவியைப் பார்த்துவிட்டு மருதையன் பக்கம் திரும்பினாள்.

“கண்ணை மூடிக்குங்க. உங்க ஊருக்குப் போங்க. தெரியறதைச் சொல்லுங்க.”

மருதையனுக்கு அது பழகிய வேலை. மூடியதுமே முகம் மலர்ந்தது.

“கலங்கரை விளக்கம் தெரியுது. வலை காயப்போட்ட மணல். அதைத் தாண்டினா புன்னை மரம். இதோ எங்க தெரு.”

“தெருவுல யார் இருக்கா?”

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார்.

“யாரும் இல்லை.”

“நல்லாப் பாருங்க.”

“கடையெல்லாம் திறந்திருக்கு. தராசு ஆடுது. அடுப்புல சோறு கொதிக்குது. ஆளைத்தான் காணோம்.” அவர் குரல் இறங்கியது. “தினம் வர்றேன், தாயே. நான் இதைக் கவனிச்சதே இல்லை.”

“நடங்க.”

“எல்லா வீடும் திறந்து கிடக்கு. என் வீடு மட்டும் மூடியிருக்கு. வெளியில தாழ்ப்பாள் போட்டிருக்கு.”

“போட்டது யார்?”



லாயத்துக்குள் உச்சி வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் கை மயிரெல்லாம் சிலிர்த்து நின்றது.

“உள்ளேருந்து யாரோ தட்டறாங்க.”

“எனக்கும் கேக்குது” என்றாள் சாந்தமதி.

மரக்கதவில் விரல் முட்டி படும் சத்தம். தட்டித் தட்டி அலுத்துப்போன கை. ஒவ்வொரு தட்டலுக்கும் வளையல் குலுங்கியது.

அந்த லாயத்துக்குக் கதவே கிடையாது.

“இந்த வளையல் சத்தம் எனக்குத் தெரியும், தாயே.”

“தெரிஞ்சும் நிக்கிறீங்களே.”

“திறந்தா வெளிய வந்துடுவா. அப்புறம் எங்க பவழத்துறையில எனக்குன்னு ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.”



தட்டல் நின்றது. தட்டியபோது இல்லாத பயம் அப்போதுதான் அவரைப் பிடித்தது. வெறுங்காற்றில் கையை நீட்டி எதையோ பிடித்து இழுத்தார். துருப்பிடித்த இரும்பு கிறீச்சிட்டது.

கண்ணைத் திறந்தார். பக்கத்தில் திரும்பினார்.

சீதேவியின் வலது கை மடியில் கிடந்தது. விரல் முட்டிகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது.

அவள் லாயத்தைப் பார்த்தாள். கோட்டைச் சுவரைப் பார்த்தாள். அதன்மேல் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க.” குரல் கரகரத்தது. “இங்கே நம்ம அடுத்த வீட்டுக்காரங்க பேர் என்ன?”

மருதையனுக்குத் தெரியவில்லை.