லாட்ஜில் இல்லாத மாமா

பெரியக்காவின் கல்யாணத்துக்கு முதல் நாள் தாய்மாமனைக் காணவில்லை. பத்திரிகையில் தன் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுவிட்டார்கள் என்று வெள்ளைச்சாமி மாமாவுக்குக் கோபம். கோபம் வந்தால் அவர் திண்டுக்கல்லுக்குப் போய் ஒரு லாட்ஜில் படுத்துக்கொள்வார். ஆனால் மாமன் மாலை போடாமல் அக்காவை மணவறைக்கு அழைத்துப் போக முடியாதே!

அப்பா அந்த லாட்ஜுக்குப் போய்க் கேட்டார். "அப்படி யாரும் இங்க தங்கலை" என்று மேனேஜர் விரட்டிவிட்டார்.

பிறகு எங்கள் வீட்டில் மாவாட்டும் செங்கமலம் போனாள்.

"பெரிய மனுஷரையே திருப்பி அனுப்பிட்டேன். நீ எதுக்கு வந்தே?" என்றார் மேனேஜர்.

"ஐயா இங்க இல்லேன்னா ரொம்ப நல்லதுங்க சார்," என்று மாடிக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள் செங்கமலம். "பொண்ணோட சித்தப்பா, மாமன் மாலைய நானே போட்டுடறேன்னு இப்பவே பட்டு வேட்டி கட்டிக்கிட்டு நிக்கிறாரு. அவரையே போடச் சொல்லிடறோம்."

மாடியில் ஒரு கதவு படாரென்று திறந்தது.

"எவன்டா அவன், என் மாலையப் போடறவன்?" வெறும் பனியனோடு மாமா தடதடவென்று படியிறங்கி வந்தார்.

செங்கமலம் மேனேஜரைப் பார்த்தாள். "இல்லாத ஆளுக்கு எம்புட்டுக் கோபம் வருது பாத்தீங்களா சார்?"

மாமா காலமாகி வருஷங்கள் ஆகிவிட்டன. கல்யாண ஆல்பத்தில் மட்டும், அக்காவுக்கு மாலை போட்டுவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். அன்றைக்கு அவசரத்தில் திருப்பிக் கொடுக்க மறந்த லாட்ஜ் சாவி, பித்தளை வில்லையோடு, அவர் இடுப்பில் தொங்குகிறது.